வாடை

மூக்கு போய் மூன்று வருஷம்.
அந்தக் காய்ச்சலோடு போனது,
திரும்பி வரவில்லை.
கருவாட்டுக் கொட்டகையில் டெல்மா இதை
வரம் என்கிறாள்.
காரலும் சாளையும் எனக்கு இப்போது
நிறம், கனம், செதிலின் சொரசொரப்பு.
அவ்வளவுதான்.

கேஸுக்குச் சொந்த நாற்றம் கிடையாதாம்.
கசிந்தால் மனுஷருக்குத் தெரியட்டும் என்று
அழுகிய முட்டை மாதிரி ஒன்றைக்
கலந்து அனுப்புகிறார்களாம்.
சிலிண்டர் போட வரும் நம்புராஜன் சொன்னார்.
ஊருக்கெல்லாம் அனுப்பிய கடுதாசி
என் வீட்டுக்கு மட்டும் வந்து சேராது.

பெயரில்தான் அவருக்கு நம்பு.
வாயைத் திறந்தால்,
சீலை நம்பாதீங்க, எடையை நம்பாதீங்க,
"நான் மாட்டினதையும் நம்பாதீங்கக்கா,
சோப்புத் தண்ணி வச்சுப் பாருங்க."

அதனால் பார்க்கிறேன்.
நூலை இழுத்து வெள்ளை மூடியைக் கழற்றி,
உள்ளே கறுப்பு வளையம் இருக்கிறதா
வெடிப்பு விட்டிருக்கிறதா என்று
ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து.
குமிழை மூடிய பக்கம் வைத்து,
கழுத்துப் பட்டையைத் தூக்கி,
நேராக இறக்கி அழுத்தி
இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி
பட்டையை விட்டால்
டக்.
மூக்கு செத்த வீட்டில்
காதுக்கு இரண்டு ஆள் வேலை.

பிறகு சிரட்டையில் நுரை.
அருள்சிலுவையின் சவரப் பிரஷ்தான் தோது.
குமிழைத் திறந்துவிட்டு
மூட்டைச் சுற்றி, அடிக்கழுத்தில்,
ஆரஞ்சுக் குழாய் நெடுக,
மாப்பிள்ளைக்குத் தடவுகிற மாதிரி தடவுவேன்.
நுரை சும்மா கிடந்தால்
அன்றைக்குச் சோறு.

மார்கழியில் ஒரு நாள்
அவர் டோக்கன் போட ஓடுகிற அவசரத்தில்
புது சிலிண்டரை மாட்டிவிட்டுப் போனார்.
சோதித்தாயா என்று கேட்க
நான் விழித்திருக்கவில்லை.
பாம்பனில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால்
வடக்கு ஜன்னலைத் திறக்கிறவர் யார்?
மணலும் உப்பும் தட்டில் ஏறும்.

பொழுது சாய, கொட்டகையிலிருந்து வந்து
அடுப்பைத் தொடுமுன் பிரஷை எடுத்தேன்.
ரெகுலேட்டரில் குழாய் ஏறும் இடம்.
கிளிப் துருத்துப் பூத்திருந்தது.
அதன் கீழே
ஈரமணலில் நண்டு மூச்சு விடுகிற மாதிரி
ஒரு குமிழ்.
உடைந்து
இன்னொன்று.

"அம்மா, லைட்டைப் போடவா?"
வாசலில் ரெனிட்டா, கை சுவிட்சுக்குப் பக்கத்தில்.
தொடாதே என்று நான் போட்ட சத்தத்தில்
அவள் அழுதுவிட்டாள்.
அழட்டும்.
குமிழை மூடி, கழற்றி,
நூல் கட்டிய மூடியை அழுத்தி வைத்து
பிள்ளையைத் தெருவுக்குத் தள்ளினேன்.

கேஸ் காற்றைவிடக் கனம்.
மேலே போகாது, தரையோடு கிடக்கும்,
பெருக்கில் வாசல்படி ஏறி வந்து
போகாமல் நிற்கும் தண்ணீர் மாதிரி.
என் கணுக்காலில் அது நின்றிருக்கலாம்.
எனக்கெப்படித் தெரியும்?

கதவை விரித்தேன்.
வடக்கு ஜன்னலின் கொக்கி உப்பில் இறுகியிருந்தது,
அம்மிக் குழவியால் தட்டலாம் என்று போன கை
இரும்பில் பட்டால் பொறி என்று நின்றது.
விரலால் நெம்பினேன். நகம் போயிற்று.
வருஷமெல்லாம் நான் திட்டுகிற காற்று
கூப்பிட்டதும் வந்தது.
ஒரு வாடை வந்து
இன்னொரு வாடையை இழுத்துப்போனது.
வந்தது உடம்பில் பட்டது.
போனதை
நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் கரையேறிய அருள்சிலுவை
போட்டின் இன்ஜினையே பிரித்துப் பூட்டுகிறவர்,
"உள்ள ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான,
எண்ணெய் விட்டா தீர்ந்துச்சு" என்று
ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார்.
நம்புராஜன் அதைப் பிடுங்கிக்கொண்டார்.
பிரிக்கிற சாமான் இல்லைண்ணே, மாத்துற சாமான்.
ஏஜென்சியிலிருந்து வேறு ரெகுலேட்டர் வந்தது,
புதுக் குழாய், துருப்பிடிக்காத கிளிப்.
குழாய் போட்ட மாசமும் வருஷமும்
சுவரில் கரியால் எழுதியாயிற்று,
டெல்மாவுக்குத் தரவேண்டிய கணக்குக்குக் கீழே.

பிரஷ் அடுப்படியிலேயே தங்கிவிட்டது.
வேறு வாங்கித் தருகிறேன் என்றேன்,
வாங்கவில்லை.
கிறிஸ்துமஸ் பூசைக்கு
தாடியோடு வந்தார்.